சிங்கப்பூரில் ஐஎன்ஏ நடைப்பயணம்: போகலாமா?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவம் (ஐஎன்ஏ) தொடர்பான இடங்களை, சிங்கப்பூரில் நடந்தே சுற்றிக் காட்டும் ஒரு வழிகாட்டிச் சேவையில் சமீபத்தில் கலந்துகொண்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். நேதாஜியைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு முழுத் திருப்தி கிடைக்கும். அவரை நம்பிப் பின்னால் போன சிப்பாய்களைத் தேடிப் போகிறவர்களுக்கு முக்கால்வாசிதான்.

பாடாங் திடலில் ஆரம்பிக்கிறார்கள். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி ராணுவச் சீருடையில் அணிவகுப்பைப் பார்வையிட்டு "டெல்லி சலோ" என்று முழங்கியது இங்கேதான். மறுநாள் ஜப்பான் பிரதமர் டோஜோவே வந்து அதே படையைப் பார்வையிட்டார். எதிரில் இருக்கும் பழைய சிட்டி ஹால் கட்டடத்தில்தான் 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர்கள் மவுண்ட்பேட்டனிடம் சரணடைந்தார்கள். இரண்டு வருஷ இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து, தலையை மட்டும் திருப்பச் சொல்லி வழிகாட்டி விளக்கிய விதம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆள் நன்றாகப் படித்திருக்கிறார், எதையும் ஒப்பிக்கவில்லை, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிறார்.

அங்கிருந்து ரோட்டைக் கடந்தால் எஸ்பிளனேட் பூங்கா. மொத்தப் பயணத்தில் மனதை அசைத்த இடம் இதுதான். போரில் இறந்த ஐஎன்ஏ வீரர்களுக்காக இங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருளில் இத்தெபாக், இத்மாத், குர்பானி என்று அதில் பொறித்திருந்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது 1995இல் வைத்த ஓர் அடையாளக் கல் மட்டும்தான், தெரியாதவர்கள் கவனிக்காமல் கடந்து போய்விடுவார்கள். அந்தக் கல் பக்கத்தில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஐஎன்ஏவின் ஒரு பிரிவான காந்தி பிரிகேட் மணிப்பூரின் இம்பாலுக்குப் போன கதையை வழிகாட்டி சொன்னார். இம்பால் எந்த நிமிஷமும் விழுந்துவிடும், சீக்கிரம் வராவிட்டால் வெற்றியில் உங்களுக்குப் பங்கு கிடைக்காது என்று ஜப்பானியர்கள் அவசரப்படுத்த, அந்தப் பிரிவின் தளபதி இனாயத் கியானியின் ஆட்கள் இயந்திரத் துப்பாக்கிகளையும் கையெறி குண்டுகளையும் பின்னால் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு துப்பாக்கி, 50 தோட்டா, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். இம்பால் விழவே இல்லை. அந்த 50 தோட்டாவை வைத்துக்கொண்டுதான் 1944 மே மாதம் இம்பாலுக்குப் பக்கத்தில் இருந்த பலேல் விமானதளத்தைத் தாக்கப் போனார்கள். அப்புறம் மழைக்காலம் வந்தது. மலேரியாவும் சீதபேதியும் பட்டினியுமாகத் திரும்பி நடந்தபோது வழியில் விழுந்தவர்கள் ஏராளம். தளபதிகள் எடுத்த ஒரு முடிவு சிப்பாயின் தோள்பையில் என்ன இருக்கிறது என்பது வரைக்கும் வந்து நிற்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த ஒரு இடத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

அடுத்து வாட்டர்லூ தெரு. ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று இங்கே தொடங்கியது. அந்தப் படையின் தலைவி கேப்டன் லட்சுமி மெட்ராஸில் மருத்துவம் படித்துவிட்டு 1940இல் சிங்கப்பூர் வந்து ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஜூலையிலேயே 20 பெண்களைத் திரட்டி, கனமான லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளோடு நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்துக் காட்டியவர். இதையெல்லாம் விரிவாகவே சொன்னார்கள். ஆனால் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கி, பகலில் விமானங்களுக்குப் பயந்து பதுங்கி இரவில் நடந்தார்களே, அந்தப் படையின் ஜானகி தேவரும் மற்றவர்களும், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தெருவில் நின்றுகொண்டு அதைக் கேட்காமல் வந்தது எனக்கு ஏமாற்றம்தான்.

கத்தே கட்டடத்தில் அதிக நேரம் இல்லை, பழைய முகப்பு மட்டும்தான் மிச்சம். அதுவரை இயக்கத்தை நடத்திவந்த ராஷ் பிஹாரி போஸ் தலைமைப் பொறுப்பை நேதாஜியிடம் ஒப்படைத்ததும், 1943 அக்டோபர் 21இல் நேதாஜி ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தற்காலிக அரசை அறிவித்ததும் இங்கேதான். போட்டோ எடுக்க நல்ல இடம்.

கடைசியாக ரயிலில் ஃபேரர் பார்க். இங்கேதான் எனக்குப் பெரிய குறை. 1942 பிப்ரவரி 17 அன்று சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகளை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபூஜிவாராவிடம் ஒப்படைத்த திடல் இது. கேப்டன் மோகன் சிங்கின் முதல் ஐஎன்ஏ இங்கிருந்துதான் கிளம்புகிறது. வருஷக் கடைசியில் ஜப்பானியரோடு முரண்பட்டுப் படையைக் கலைத்த அவரை அவர்களே கைது செய்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பாடாங் போனால் நேதாஜி வந்தபோது அந்த ஆட்கள் எந்த மனநிலையில் இருந்தார்கள் என்று புரியும். கடைசியில் வைத்ததால் எல்லாரும் களைத்துப்போய், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கேட்டேன். தோட்டத் தொழிலாளிகள் ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கிக் கிடந்தன, அரிசி கிடைக்கவில்லை, ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கங்காணிக்கும் துரைக்கும் கைகட்டி நின்ற ஒருவன் முதல்முறையாகச் சீருடை போட்டுத் தலை நிமிர்ந்து நின்றதும் அதே படையில்தான். இதையெல்லாம் சொன்னால் அவர்கள் தியாகம் ஒன்றும் குறைந்துவிடாது. என் கண்ணுக்கு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது.

மற்றபடி ஏற்பாடுகள் நன்றாகவே இருந்தன. காதில் மாட்டும் கருவி தெளிவாகக் கேட்டது, கையில் கொடுத்த வரைபடமும் பழைய படங்களும் தரமானவை. கட்டணம் ஆளுக்கு 45 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), ரயில் செலவு தனி. வெயில் தாங்காதவர்கள் சாயங்கால நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாட்டர்லூ தெருவுக்குப் போகும் நடை கொஞ்சம் நீளம், வயதானவர்களோடு போனால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொன்னால் தமிழிலேயே நடத்துகிறார்கள், அதையே கேளுங்கள். பதிவு செய்யும்போதே ஃபேரர் பார்க்கை முதலில் வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். தனிக்குழுவாக வந்தால் மாற்றித் தருவோம் என்று என்னிடம் சொன்னார்கள்.