பைத்தானும் என் டெஸ்டுகளும்: பத்து வருடத்துக்குப் பிறகு

பைத்தான் நிரல்மொழியின் 2.7 பதிப்புக் காலத்திலிருந்து ஒரே பில்லிங் புரோகிராமைக் கட்டி மேய்க்கிறேன். மொழியைப் பற்றிப் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் நான் எழுதிய டெஸ்டுகளில்தான்.

புரோகிராம் கடைசியில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது தகவல்களைக் குறிச்சொற்களோடு எழுதும் உரைக் கோப்பைத் தரும். முன்பே சரிபார்த்து வைத்த கோப்போடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே டெஸ்ட். 3.7 வரை நிம்மதி. 2019 அக்டோபரில் வந்த 3.8-க்கு மாறியதும் பாதி டெஸ்டுகளுக்கு மேல் சிவப்பு, அதாவது தோல்வி. எக்ஸ்எம்எல் எழுதித் தரும் பைத்தானின் எலிமென்ட்ட்ரீ நூலகம் அதுவரை ஆட்ரிபியூட்டுகளை (குறிச்சொல்லுக்குள் மேற்கோளில் வரும் தேதி, தொகை போன்ற விவரங்களை) ஏ, பி, சி வரிசையில் அடுக்கி எழுதியது, 3.8-இலிருந்து நாம் கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறது. எக்ஸ்எம்எல் விதிப்படி அந்த வரிசைக்கு அர்த்தமே கிடையாது.

என் மேல்தான் எரிச்சல் வந்தது. யாரும் வாக்குக் கொடுக்காத ஒன்றுக்கு இத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறேன்! எக்ஸ்எம்எல்லை ஒரே நிலையான வடிவத்துக்குக் கொண்டுவரும் கேனானிகலைஸ் என்ற ஃபங்ஷனும் 3.8-இலேயே வந்திருந்தது. இரண்டு கோப்புகளையும் அதில் போட்டு ஒப்பிட்டேன். எல்லாம் பச்சை. ரிலீஸ் செய்தோம்.

மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். அவர்கள் பக்கத்தில் ஒரு பழைய ஸ்கிரிப்ட், எக்ஸ்எம்எல்லை முறையாகப் படிக்காமல், இரண்டாவது மேற்கோளுக்குள் இருப்பது தேதி என்று நம்பி வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அங்கே தொகை வந்து உட்கார்ந்துவிட்டது. தப்பு அவர்களுடையதுதான், சரி. ஆனால் நின்றுபோனது எங்கள் பில். பயன்படுத்துவோர் பெருகினால் வெளியே தெரியும் எந்த நடத்தையையும் யாராவது நம்பியிருப்பார்கள் என்ற ஹைரம் விதியை அதற்கு முன் படித்திருந்தேன். படித்து என்ன பயன்?

கோ என்ற நிரல்மொழிக்காரர்கள், பெயரையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கும் மேப்பின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறார்கள், யாரும் நம்பிவிடக் கூடாதென்று. பைத்தான் எதிர்த்திசை: மேப்புக்கு இணையான டிக்ஷனரியில் போட்ட வரிசை அப்படியே இருப்பது 3.6-இல் தற்செயலாகக் கிடைத்தது, 2018-இல் 3.7 அதையே உத்தரவாதம் ஆக்கியது. புதிதாகத் தொடங்கினால் கோ வழிதான் எனக்குப் பிடிக்கும். பத்து வருடம் ஓடிய புரோகிராமுக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் பழைய டெஸ்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து தனி ஃபோல்டரில் போட்டேன். அங்கே ஒன்று உடைந்தால் பிழை என்று அர்த்தமில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டு மாற்றலாம். ஒவ்வொன்றின் தலையிலும் யாருக்காக என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பது விதி. இரண்டில் நானே எழுதாமல் விட்டிருக்கிறேன். யாருக்காக என்று இப்போது ஞாபகமில்லை, அழிக்கவும் கை வரவில்லை.