ஐந்து நாளில் புருவம் வரையக் கற்றேன்: ஒன்றரை வருடம் கழித்து ஒரு ரிவ்யூ

தோலுக்குள் நிறம் பதித்துப் புருவம் வரையும் பர்மனென்ட் மேக்கப் கோர்ஸ் முடிந்த அன்றைக்கே எழுதியிருந்தால் யோசிக்காமல் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். கையில் கெட்டி அட்டை சர்டிஃபிகேட், போனில் மாடலாக வந்த பெண்ணுக்கு நான் செய்துமுடித்த புருவத்தின் போட்டோ, ஒவ்வொரு முடியும் நானே நட்டுவைத்த மாதிரி தனித்தனியாக. ஆறு வாரம் கழித்து அதே பெண், நான் மேக்கப் செய்துகொண்டிருந்த பார்லருக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபோது, வலது புருவத்தின் வால் பக்கம் பாதிக் கோடுகளைக் காணோம். மிச்சமிருந்ததும் கோடாக இல்லை, பென்சிலால் கிறுக்கி விரலால் தேய்த்துவிட்டது போலக் கலங்கிக் கிடந்தது. "இது இப்படித்தான் ஆகுமாக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால்தான் இந்த ரிவ்யூ இவ்வளவு தாமதம். பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சேர்வதற்கு முன்னால் நாலைந்து இடங்களில் விசாரித்தேன், எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு: மூன்று நாளோ ஐந்து நாளோ, கிட் இலவசம், ஒரு மாடல், கடைசியில் சர்டிஃபிகேட்டோடு போட்டோ. பர்மனென்ட் மேக்கப் கற்கலாமா, டாட்டூ பக்கம் போகலாமா என்று காசை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பணம். ஃபீஸ் எனக்கு அப்போது நான்கு மாத வருமானம். "கிட் இலவசம்" என்றார்கள் அல்லவா, திறந்து பார்த்தால் மைக்ரோபிளேடிங் (நுண்ணிய பிளேடால் தோலைக் கீறி, முடி முடியாகக் கோடு போட்டு நிறம் பதிப்பது) பிடி ஒன்று, பிளேடு பத்து, ரப்பர் தோல் ஐந்து தாள், அளவு பார்க்கும் காலிப்பர், மேப்பிங்குக்கு, அதாவது புருவத்தின் வடிவத்தை முதலில் அளந்து குறிப்பதற்கு, மை தோய்த்த நூல், பிக்மென்ட் (நிறமி) பாட்டில் இரண்டு. அந்த பாட்டில்களில் தொகுதி எண்ணும் கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மை, பர்மனென்ட் மேக்கப் பிக்மென்ட் இரண்டிலும் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ விதித்திருக்கிறது. அவ்வளவு தூரம் யோசிக்கவேண்டிய ஒரு பொருளை லேபிள் இல்லாத பாட்டிலில் கொடுத்து, இதை இன்னொருவர் முகத்தில் குத்து என்கிறார்கள். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன்.

அதற்குப் பிறகு மெஷின், நல்ல விளக்கு, சாய்வுக் கட்டில், காப்பீடு, பயிற்சிக்காக இலவசமாகச் செய்துகொடுத்த மாடல்கள். இலவச மாடலுக்கும் பிளேடு, கையுறை, பிக்மென்ட் எல்லாம் அதே அளவு செலவாகும், வரவு மட்டும் இருக்காது. ஃபீஸை ஒரு பங்கு என்று வைத்தால் முதல் வருடத்தில் மற்ற செலவு எனக்கு ஒன்றரைப் பங்கு. இந்தக் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

நல்லதையும் சொல்லவேண்டும். மேப்பிங் சொல்லிக்கொடுத்த விதம் அருமை. படுத்திருக்கும்போது அளந்தால் மட்டும் போதாது, எழுந்து உட்காரச் சொல்லி நேருக்கு நேர் பார்த்துத் திருத்து என்று அந்த டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். படுத்தால் முகத்தின் சதை பின்னால் சரியும், புருவமும் கூடவே நகரும். நான் வரைந்ததைப் பதினோரு முறை அழிக்கவைத்தார், எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. இன்றுவரை எனக்குப் புருவம் கோணலானதாகப் புகார் வந்ததில்லை என்றால் அந்தப் பதினோரு முறைதான் காரணம்.

சுகாதார வகுப்பும் உருப்படியானது. விளக்கின் கைப்பிடிவரை பாதுகாப்பு உறை போடுவது, விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும் கிண்ணத்தில் மிஞ்சிய பிக்மென்ட்டைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாமல் இருப்பது, ஊசியை மூடிபோட முயலாமல் நேராகக் கூர்பொருள் டப்பாவில் போடுவது என்று எல்லாவற்றையும் செய்துகாட்டினார்கள். பார்லர்களில் நீல வெளிச்சம் அடிக்கும் பெட்டி ஒன்று இருக்குமே, அது கருவியைக் கிருமி நீக்கம் செய்யாது, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்தால்தான் கணக்கு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஹெபடைட்டிஸ் பி, சி பற்றிப் பேசும்போது வகுப்பில் யாரும் போனைத் தொடவில்லை.

இனிமேல்தான் குறை. ஐந்து நாளில் இரண்டரை நாள் ரப்பர் தோலில் கோடு போட்டோம். ரப்பருக்கு ரத்தம் வராது, எண்ணெய் சுரக்காது, இழுத்துப் பிடிக்காவிட்டாலும் கோடு நேராகத்தான் விழும். நிஜத் தோல் அப்படியில்லை. மூன்று பக்கமும் இழுத்து, மேளத்தோல் மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டால்தான் பிளேடு சீராகப் போகும், கொஞ்சம் தளர்ந்தாலும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் அடுத்த இடத்தில் ஆழமாகவும் இறங்கும். மேல்தோலோடு நின்றுவிட்ட நிறம் சுமார் நான்கு வாரத்தில் தோலோடு சேர்ந்து உதிர்ந்துபோகும். ரொம்ப ஆழமாகப் போனால் ரத்தம் கசிந்து நிறத்தை வெளியே தள்ளும், உள்ளே தங்கியது பரவி நீலச் சாம்பலாகத் தெரியும், தழும்பும் விழலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. சரியான ஆழத்தில் போகும்போது வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற மாதிரி மெல்லிய சரசரப்பு கேட்கும். நான் அதை முதன்முதலில் கேட்டது என் ஒன்பதாவது இலவச மாடலிடம். கோர்ஸில் தோலை இழுத்துப் பிடிப்பது பற்றி வந்தது ஒரே ஒரு ஸ்லைடு.

முதலில் சொன்ன பெண்ணுக்கு நெற்றியில் எண்ணெய் வழியும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் மைக்ரோபிளேடிங் கோடுகள் நாளாக நாளாக மங்கிக் கலந்துவிடும், அவளுக்கு மெஷினால் புள்ளி புள்ளியாக நிழல் போடுகிற பவுடர் புருவம்தான் பொருத்தம் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாமல் போனது எப்படி? அந்த கோர்ஸ் மைக்ரோபிளேடிங் மட்டும். மெஷின் வேண்டுமென்றால் "அட்வான்ஸ்ட்", அதற்குத் தனி ஃபீஸ். உதடு வேண்டுமென்றால் இன்னொரு கோர்ஸ், இன்னொரு ஃபீஸ். சுத்தியலை மட்டும் கொடுத்து அனுப்பினால் பார்ப்பதெல்லாம் ஆணியாகத்தான் தெரியும், எனக்கும் அதுதான் நடந்தது.

நிறம் பற்றியும் இதே கதை. இரும்பு ஆக்சைடு சார்ந்த பிக்மென்ட் சில வருடத்தில் செம்மண் நிறத்துக்குப் போகலாம், கார்பன் கறுப்பு அதிகமிருப்பது சாம்பலாக மாறலாம். வெள்ளைக்காக டைட்டானியம் டையாக்சைடு கலந்த நிறத்தை அழிக்க லேசர் அடித்தால் அது அழிவதற்குப் பதிலாகக் கறுத்துப்போகக்கூடும். ஒரு வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லாமல் எப்படிக் கையெழுத்து வாங்குவது? வாங்கினேன். ஒப்புதல் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள், அதில் பருவுக்கான ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தழும்பு தடித்து வளருமா, உதட்டில் அக்கி வந்திருக்கிறதா என்றெல்லாம் கேள்வி இருந்தது, ஏன் கேட்கிறோம் என்று ஒருவரும் விளக்கவில்லை. உதட்டில் ஊசி படும்போது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் எழுந்துகொள்ளலாம், அதனால் அக்கி வந்தவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்பவேண்டும். இதை நான் பிற்பாடு வேறொருவரிடம் கற்றேன்.

மரத்துப்போக வைக்கும் கிரீமை அடர்த்தியாகப் பூசி பிளாஸ்டிக் உறையால் மூடு என்றார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், டாட்டூ மாதிரி வேலைகளுக்கென்று விற்கப்படும் சில கிரீம்களில் லிடோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து மிக அதிகம் இருப்பதாக எச்சரித்தது. 4 சதவீதத்துக்கு மேல் இருப்பதைத் தவிர்க்கவும், பூசிய இடத்தை மூடாமல் இருக்கவும் அதே எச்சரிக்கையில் சொன்னது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். கடைசி நாள் மதியம் "போனஸ்" என்று இரண்டு மணி நேரத்தில் பர்மனென்ட் ஐலைனர் சொல்லிக்கொடுத்தார்களே, அதை மன்னிக்க முடியவில்லை. 1984-இல் இமையோரத்தில் நிறம் பதிப்பதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியவர் கியோரா ஆங்கிரஸ் என்ற கண் மருத்துவர். அவர் ஒரு கண் மருத்துவர், எங்களுக்கோ அது மத்தியானப் போனஸ். நான் இன்றுவரை ஐலைனரைத் தொடவில்லை.

"இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட்" என்கிறார்களே, அப்படி எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் ஒன்று கிடையாது. இந்தத் தொழிலுக்கான சட்டமே நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானில் டாட்டூ போட டாக்டர் உரிமம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020-இல். தென்கொரியாவில் 1992 தீர்ப்பு இதை மருத்துவச் செயல் என்றது, டாக்டர் அல்லாதவர்களுக்கு வழிவிடும் சட்டம் 2025-இல்தான் நிறைவேறியது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் டாட்டூ உரிமத்துக்கு 360 மணி நேரப் பயிற்சியும் 50 முடித்த வேலைகளும் வேண்டும். பர்மனென்ட் மேக்கப் கலைஞர்களின் சங்கமான எஸ்பிசிபி அடிப்படைப் பயிற்சிக்கே குறைந்தது 100 மணி நேரம் என்கிறது. என்னுடையதைக் கூட்டிப் பார்த்தேன்: 35 மணி நேரம், சாப்பாட்டு இடைவேளையும் ஐலைனர் போனஸும் சேர்த்து. நீங்கள் எங்கே வேலை செய்யப்போகிறீர்களோ அந்த ஊர் விதியை முதலில் படியுங்கள், பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.

சரி, வருமானம். "நாளைக்கு இரண்டு வாடிக்கையாளர், மூன்றே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்றார்கள். மேப்பிங்கோடு சேர்த்து ஒரு புருவத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில், மங்கிய இடங்களைத் திருத்தும் டச்-அப், அதற்கு இன்னொரு பாதி நாள். பிறகு அவர் திரும்பி வர ஒரு வருடமாவது ஆகும், சிலருக்கு இரண்டு, மூன்று. அதாவது வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நாள் அந்த வாடிக்கையாளர் வரமாட்டார்! ஆகவே எப்போதும் புது ஆள் தேடிக்கொண்டே இருக்கவேண்டும், நேரம் குறித்துவிட்டு வராமல் போகிறவர்கள் வேறு. எனக்குப் போட்ட காசு திரும்பப் பதினான்கு மாதம் ஆனது, அதுவும் மேக்கப் வேலையை விடாமல் வைத்திருந்ததால். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் கிட்டை விற்றுவிட்டார்கள்.

என் சித்தி பையன் டாட்டூ பக்கம் போனான். ஃபீஸ் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றே முக்கால் வருடம் சம்பளமும் இல்லை. ஸ்டூடியோவைப் பெருக்கினான், ஸ்டென்சில் எடுத்தான், தினமும் வரைந்தான், ஊசியைத் தொடவிடவே எட்டு மாதம் ஆனது. "எனக்கென்னமோ கொத்தடிமை மாதிரி இருக்குடா" என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி வேலை வாங்கி ஏமாற்றும் இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்று அவன் போடும் டாட்டூவில் வரும் காசில் பாதி கடைக்கு, பாதி அவனுக்கு. கையில் போட்டவர் அடுத்த வருடம் தோளுக்கு வருகிறார், புருவத்துக்கு அந்த வசதி இல்லை. ஆனால் எனக்குப் பொறாமையாக இருந்தது வேறொன்றில். அவன் போட்ட முதல் கோடுகள் ஆறியபின் கடைக்கே திரும்பி வந்தன, குரு பக்கத்தில் நின்று "இங்கே அழுத்திட்டே, இங்கே கை தூக்கிட்டே" என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அப்படிக் காட்ட ஆளில்லை. டச்-அப் என் கோர்ஸில் சேர்த்தியே இல்லை, ஐந்தாம் நாள் சாயங்காலத்தோடு உறவு முடிந்தது. புருவம் எப்படி ஆறியிருக்கிறது என்று டீச்சரும் பார்க்கவில்லை, ஆறாவது வாரம் என்று ஒன்று இருப்பதே பாடத்திட்டத்தில் இல்லை.

இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. மார்பக அறுவைசிகிச்சைக்குப் பிறகு காம்புப் பகுதியை நிறத்தாலேயே வரைந்துகொடுப்பவர்கள், முடி கொட்டிய தலையில் நுண்புள்ளி வைப்பவர்கள், மற்றவர்கள் கெடுத்த புருவத்தைச் சரிசெய்பவர்கள் எல்லாம் காத்திருப்புப் பட்டியல் வைத்து வேலை செய்கிறார்கள். அலோபேஷியா என்ற முடி உதிரும் நோயால் புருவமே இல்லாமல் போன ஒரு அம்மாவுக்குப் போன மாதம் செய்தேன், கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் தரவே இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஐந்து நாளில் போக முடியாது.

நட்சத்திரம் கேட்டால் டீச்சருக்கு நாலு, கோர்ஸுக்கு இரண்டு, கிட்டுக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் தெரிந்த பெண் ஒருத்தி அங்கேயே சேரப்போவதாகச் சொன்னாள். மாணவிகள் செய்த வேலையில் ஆறியபின் எடுத்த போட்டோ பத்து அனுப்பச் சொல்லிக் கேள் என்றேன். கேட்டாள், அனுப்பினார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தோம். பத்தில் ஒன்பதில் கோடுகளைச் சுற்றித் தோல் இன்னும் சிவந்திருந்தது.