850 வாட் ஸ்ப்ரே கன் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும்: உள்ளே பெயிண்ட் ஊற்றும் முன் இதைப் படியுங்கள்

பொங்கலுக்கு முன்னால் வீட்டு கேட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் தாமே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஆன்லைனில் ஸ்ப்ரே கன் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதில் காலை வைக்க மாட்டீர்கள்.

பார்சல் வரும். பெட்டியில் '850 வாட்', 'அனைத்து பெயிண்ட்களுக்கும் ஏற்றது', '3 நாசில் இலவசம்' என்றெல்லாம் இருக்கும். கப்பில் எக்ஸ்டீரியர் எமல்ஷனை (தண்ணீர் கலந்து வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்) ஊற்றி ட்ரிகரை அழுத்தினால் பொட்டுப் பொட்டாகத் துப்பும். தண்ணீர் கலப்பார்கள். அப்போதும் துப்பும். இன்னும் கலந்தால் சீராக வரும், ஆனால் சுவரில் நிற்காமல் வழியும். காய்ந்த பிறகு பழைய நிறம் அப்படியே தெரியும், கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். திருப்பி அனுப்பக் கேட்டால் ஒரே பதில்: 'உள்ளே பெயிண்ட் போயிருக்கிறது, பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்.' பெயிண்ட் ஊற்றினால்தான் கோளாறு தெரியும், ஊற்றிவிட்டால் ரிட்டர்ன் கிடையாது. இதுதான் பொறி.

முதலில் வாட் கணக்கு. வாட் என்பது மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பது மட்டுமே. கெட்டியான பெயிண்டைத் தள்ளுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த எண்ணும் பல மிஷின்களில் உண்மையாக இருப்பதில்லை. எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) இருக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஒரு கம்பியை மட்டும் தனியாகப் பிரித்து மீட்டரை மாட்டி, மிஷினின் முன்மூடியை (நாசிலைச் சுற்றியுள்ள காற்றுமூடி) கழற்றிவிட்டு ஓடவிடச் சொல்லுங்கள். காற்று தடையில்லாமல் போகும்போதுதான் இந்த வகை மோட்டார் அதிகமாக இழுக்கும். 230 வோல்ட்டில் 850 வாட் என்றால் ஏறக்குறைய 3.7 ஆம்பியர் காட்ட வேண்டும். 1.9 காட்டினால் உங்கள் கையில் இருப்பது சுமார் 440 வாட் மிஷின். மீட்டர் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

விளம்பரத்தில் 'ஹெச்.வி.எல்.பி. ஏர்லெஸ்' என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஹெச்.வி.எல்.பி. என்றால் நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். அந்தக் காற்றுமூடியில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் போகாது. ஏர்லெஸ்ஸில் காற்றே கிடையாது. பம்பு பெயிண்டையே 1,500 முதல் 3,000 பிஎஸ்ஐ வரை அழுத்திச் சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சுகிறது. ஒரே கன் இரண்டாகவும் இருக்க முடியாது. அப்படி எழுதுகிறவருக்குத் தான் விற்பது என்னவென்றே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

'நிமிடத்துக்கு 1,000 மில்லி' போன்ற எண்களையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எந்தக் கெட்டியில் அளந்தது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. தண்ணீரை எந்த மிஷினும் தள்ளும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: அதிகபட்சம் எத்தனை விநாடிக் கெட்டி தாங்கும்? நாசில் ஓட்டை எத்தனை மி.மீ.?

விநாடிக் கணக்கு எளிதுதான். மிஷினோடு அடியில் ஓட்டையுள்ள ஒரு சின்னப் புனல் கப் வரும். அதை பெயிண்டில் முக்கி நிரப்பித் தூக்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். அறுபடாமல் விழும் தாரை எப்போது அறுந்து சொட்டத் தொடங்குகிறதோ, அதுவரை ஆன விநாடிதான் கெட்டியின் அளவு. கையில் பிடிக்கும் மின்சார கன்னுக்கு எனாமல் (இரும்புக்கும் மரத்துக்கும் அடிக்கும் ஆயில் பெயிண்ட்) 20 முதல் 30 விநாடிக்குள் இருந்தால் நன்றாக வரும். எமல்ஷனுக்கு 50, 60 விநாடிக்கு மேல் போனால் மலிவு மிஷின் திணறும். டப்பாவிலிருந்து எடுத்த எமல்ஷன் அந்தக் கப்பில் தாரையாகவே விழாது, கட்டியாகத் தொங்கும். அதற்காகக் கண்டபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. எத்தனை சதவீதம் கலக்கலாம் என்று பெயிண்ட் டப்பாவிலேயே போட்டிருக்கும், அதுதான் எல்லை. அந்த எல்லைக்குள் கலந்தும் விநாடி இறங்கவில்லை என்றால் அந்தப் பெயிண்டுக்கு அந்த மிஷின் ஆகாது. தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் பசை நீர்த்துவிடும், நிறத்தூள் சுவரைப் பிடிக்காது. கையில் வெள்ளையாக ஒட்டுவது அதனால்தான். புனல் கப்பே பெட்டியில் இல்லையென்றால் அதுவே ஒரு குறை.

நாசிலில் நடக்கிற ஏமாற்று இன்னும் மோசம். மூன்று நாசில் கொடுத்து 1.8, 2.5, 3 மி.மீ. என்று அச்சடித்திருப்பார்கள். ஓட்டை மூன்றிலும் ஒன்றாகவே இருப்பதுண்டு. டிரில் பிட்டின் வெட்டும் முனையை விட்டு, வழவழப்பான அடிப்பக்கத்தை நாசிலுக்குள் மெதுவாக நுழைத்துப் பாருங்கள். 2.5 மி.மீ. நாசிலில் 2.5 பிட்டின் தண்டு நுழைய வேண்டும், 3 மி.மீ. தண்டு நுழையக் கூடாது. வார்னிஷுக்கு 1 முதல் 1.5, எனாமலுக்கு 1.8 முதல் 2, எமல்ஷனுக்கு 2.5க்குக் குறையாமல் வேண்டும். சிமெண்ட் பெயிண்டும் ஒயிட் சிமெண்டும் எந்த நாசிலிலும் வேண்டாம், உள்ளேயே இறுகிவிடும். சுண்ணாம்பு அலுமினியப் பாகங்களை அரித்துவிடும்.

இனி, பொறியிலிருந்து தப்பும் வழி. பார்சலைப் பிரிக்கும்போது லேபிள் தெரிய, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். அன்றைக்கே கப்பில் 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் காய்ந்த அட்டைப்பெட்டி மேல் அடித்துப் பாருங்கள். முன்மூடியைத் திருப்பத் திருப்ப நிற்கும் பட்டை, படுக்கும் பட்டை, வட்டம் என மூன்று வடிவமும் மாறி வர வேண்டும். கப்பும் கன்னும் சேருகிற கழுத்தில் ஈரம் கசியக் கூடாது. ட்ரிகரை விட்டதும் நாசில் சொட்டக் கூடாது. பத்து நிமிடத்துக்கு நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கருகல் வாசனை வரக் கூடாது.

தண்ணீரில் பாஸ் ஆனால் போதாது. அடுத்து, சாதம் வடித்த கஞ்சியை ஆறவைத்து மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். புனல் கப்பில் 40, 50 விநாடி வருகிற அளவுக்கு அதைச் சரிசெய்து அடித்துப் பாருங்கள். பெயிண்டின் கெட்டி இருக்கும், கறை இருக்காது, தண்ணீரில் அலசினால் போய்விடும். கஞ்சியைத் துப்புகிற மிஷின் எமல்ஷனையும் துப்பும். அப்போதே கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். ரிட்டர்ன் ஏழு நாளா பத்து நாளா என்று வாங்கும்போதே பாருங்கள். 'மாற்றித் தரப்படும்' என்று மட்டும் இருந்தால் பணம் திரும்பாது, அதே மாதிரி இன்னொன்றுதான் வரும்.

நல்ல மிஷினும் துப்புவதுண்டு, அதற்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. எனாமல் டப்பாவில் படியும் ஆடையை நைலான் வலைத்துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் அடைக்கும். டீ வடிகட்டியின் கண் பெரிது, அது போதாது. மோட்டாரிலிருந்து கப்புக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாயையும் அதன் நுனியிலுள்ள சின்ன ரப்பர் வால்வையும் பாருங்கள். கன்னைச் சாய்த்து வைத்தால் பெயிண்ட் அதற்குள் ஏறிக் காய்ந்துவிடும், கப்பில் அழுத்தம் ஏறாது, பெயிண்ட் மேலே வராது. மிஷின் செத்துவிட்டது என்று தூக்கிப் போடப்படுகிறவற்றில் இந்த வால்வு அடைத்தவையும் உண்டு. எமல்ஷன் அடித்து முடித்த பத்து நிமிடத்துக்குள் நாசில், அதைத் திறந்து மூடும் ஊசி, காற்றுமூடி, வால்வு எல்லாவற்றையும் பிரித்துக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் தாங்காது. அடைப்பைக் குண்டூசியால் குத்தாதீர்கள். ஓட்டையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் பட்டை ஒரு பக்கம் சாயும்.

இன்னொரு பொய் உயிருக்கே ஆபத்தானது. 'எந்தத் தின்னரும் பயன்படுத்தலாம்' என்று எழுதுகிறார்கள். இந்த மிஷின்களில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், ஓடும்போது உள்ளே தீப்பொறி பறக்கும். என்.சி. தின்னரின் (லாக்கர் பெயிண்டில் கலப்பது) ஆவி சாதாரண வெப்பத்திலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஆகவே என்.சி. தின்னர், பெட்ரோல் இரண்டும் இந்த மிஷின் பக்கம் வரவே கூடாது. சிந்தெடிக் எனாமலுக்கு மினரல் டர்பன்டைன்தான் சேர்மானம். அதையும் திறந்த வெளியில், மேனுவல் அனுமதித்தால் மட்டும் அடியுங்கள். மேனுவலில் எத்தனை டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் திரவம் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த வரியே இல்லாத மிஷினில் எனாமல் அடிக்க வேண்டாம். எனாமலில் என்.சி. தின்னர் கலந்தால் திரிந்துபோவதும், அடியிலிருக்கும் பழைய பெயிண்டைச் சுருட்டித் தூக்குவதும் வேறு நடக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

பழைய கேட்டைத் தேய்க்கும்போது கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் அதிகம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை எடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். எனாமல் ஸ்ப்ரேக்குத் துணி மாஸ்க் உதவாது. ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

ஏர்லெஸ் மிஷினை வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் தாரை தோலைத் துளைத்துக்கொண்டு விரலுக்குள் பெயிண்டை ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் 'அதிக அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே ஏறிவிட்டது' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். கசிவைக் கையால் பொத்தக் கூடாது. டிப்பை (பெயிண்ட் பீய்ச்சும் முனை) கழற்றும் முன் மிஷினை அணைத்து, அழுத்தத்தை இறக்கி, ட்ரிகரைப் பூட்ட வேண்டும். டிப்பில் 517 என்றிருந்தால் 5ஐ இரண்டால் பெருக்குங்கள். 12 அங்குலத் தூரத்தில் 10 அங்குல அகலத்துக்குப் பட்டை விழ வேண்டும். ஏழு, எட்டு அங்குலம்தான் விழுகிறதென்றால் டிப் தேய்ந்துவிட்டது. அதைக் கொடுத்தால் உங்கள் பெயிண்ட்தான் வீணாகும், வேறு டிப் கேளுங்கள்.

எதை வாங்குவது? கம்பி கிரில்லுக்கு எதுவும் வேண்டாம், இடைவெளி வழியாகப் பாதிப் பெயிண்ட் காற்றோடு போய்ப் பக்கத்து வீட்டுக் காரில் படியும். ஒரு அங்குல பிரஷ் போதும். 40 அடி நீளம், 5 அடி உயரச் சுவரில் ஒரு பக்கம் 200 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் எமல்ஷன், தண்ணீரோடு ஐந்தரை லிட்டர். கப்பில் ஒரு தடவைக்கு 700 மில்லி என்றால் எட்டு தடவை நிரப்ப வேண்டும், இரண்டரை கிலோ கன்னைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. 9 அங்குல ரோலர் இதைவிட வேகம். தகடு அடித்த கேட், மரக்கதவு, பிரம்பு நாற்காலி, மர பெஞ்ச் ஆகியவற்றில்தான் ஸ்ப்ரே உண்மையிலேயே அழகு காட்டும். அதற்கு உதிரி நாசில், ஊசி, கேஸ்கெட் தனியாகக் கிடைக்கிற மிஷினாகப் பார்த்து எடுங்கள். வாங்கும் முன் சர்வீஸ் நம்பருக்கு போன் போட்டு ஊசி என்ன விலை என்று கேளுங்கள். விலை சொல்லத் தெரியாதவரிடம் உதிரி பாகம் இல்லை. கம்ப்ரஸர் வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனையும் டேங்க் லிட்டரையும் பார்க்காமல், கன் கேட்கும் காற்றை அது நிஜமாகவே வெளியே தருகிறதா என்று கேளுங்கள். 24 லிட்டர் டேங்க் ஒரு நிமிடத்தில் இளைத்துவிடும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? 2020 மின்வணிக விதிகளின்படி விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. பெயிண்ட் உள்ளே போனது இதை மாற்றாது. விளம்பரப் பக்கத்தை அவர்கள் திருத்தும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதுவும் புகார்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியவில்லையென்றால் இ-ஜாக்ருதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகாரில் 'மிஷின் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'விளம்பரத்தில் 850 வாட், அளந்ததில் 440 வாட். பெட்டியில் 2.5 மி.மீ. நாசில், அளந்ததில் 1.8 மி.மீ.' என்று எழுதி வீடியோவை இணையுங்கள்.