யூரின் ஸ்ட்ரிப்: கண்ணால் படிப்பதா, ரீடரில் வைப்பதா?

யூரின் ஸ்ட்ரிப் என்பது சிறுநீரில் முக்கினால் நிறம் மாறும் ரசாயனக் கட்டங்கள் ஒட்டிய பட்டை, அந்த நிறத்தைப் படித்துச் சொல்லும் மெஷின்தான் ஸ்ட்ரிப் ரீடர். அந்த ரீடர் வாங்கியபிறகு எங்கள் லேபில் யூரின் ஸ்ட்ரிப்பைக் கண்ணால் படிப்பதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டோம். ஏன் ‘கிட்டத்தட்ட’ என்பது கீழே வரும். இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன், நான் ரீடர் பக்கம்தான் சாய்வேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை ஓட்டிவிடலாம். கண்ணால் படிக்க ஸ்ட்ரிப் பாட்டிலும் அதன்மேல் ஒட்டிய கலர் சார்ட்டும் போதும், செலவு குறைவு, கரண்ட் போனாலும் வேலை நடக்கும். ரீடர் வாங்கினால் காசு, இடம், பராமரிப்பு எல்லாம் சேரும், பதிலுக்கு பிரின்ட் வரும், ரிப்போர்ட்டில் ஒருவர் முடிவை இன்னொருவர் பெயரில் எழுதிவிடும் ஆபத்து குறையும். நிறத்தையும் மெஷின் ஒரே மாதிரி பார்க்கும். ஆல்புமினில் (புரோட்டீன் கட்டத்தில்) ட்ரேஸ் என்கிற லேசான அளவுக்கும் அதற்கு அடுத்த படியான ஒன் ப்ளஸ்ஸுக்கும் நடுவே, அதாவது டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராமுக்கும் 30 மில்லிகிராமுக்கும் நடுவே இருக்கிற அந்த வெளிர்ப் பச்சையை இரண்டு டெக்னீஷியன்களிடம் காட்டினால் இரண்டு பதில் வரும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பதில், ஜன்னலோரத்தில் இன்னொரு பதில். சிவப்பு–பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ள ஒருவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் ரீடர் வாங்க இது மட்டும் போதுமா என்றால், எனக்குப் போதாது. நல்ல வெளிச்சத்தில் பழகிய கண் நிறத்தை மோசமாகப் படிப்பதில்லை. கண் தோற்கிற இடம் நேரம்.

நாங்கள் பயன்படுத்தும் பத்துக் கட்ட ஸ்ட்ரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுகரும் பிலிரூபினும் 30 விநாடியில் படிக்க வேண்டும், கீட்டோன் 40, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (சிறுநீரின் அடர்த்தி) 45, பிஎச் (அமிலத்தன்மை), புரோட்டீன், ரத்தம், நைட்ரைட், யூரோபிலினோஜென் 60, லூக்கோசைட் (வெள்ளையணு) 2 நிமிடம். (வேறு கம்பெனி ஸ்ட்ரிப்பில் இது மாறும், பாட்டிலோடு வரும் தாளைப் பாருங்கள்.) ஒரே ஒரு சாம்பிள் என்றால் யாராலும் செய்ய முடியும். காலை நேரத்தில் கப்புகள் வரிசையாக வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? நாலைந்து ஸ்ட்ரிப்பை அடுத்தடுத்து முக்கி டிஷ்யூ பேப்பரில் வரிசையாக வைத்துவிட்டு முதலாவதிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறோம், நடுவில் ஃபோன் வருகிறது, யாரோ ரிப்போர்ட் கேட்டு நிற்கிறார்கள். கடைசி ஸ்ட்ரிப்புக்கு வரும்போது அதன் சுகர் கட்டம் தன் நேரத்தைத் தாண்டிக் கறுத்திருக்கும். அவசரத்தில் 1 நிமிடத்திலேயே எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டாலோ, மெதுவாக நிறம் ஏறும் லூக்கோசைட் கட்டம் குறைவாகக் காட்டும், சில சமயம் நெகட்டிவ் என்றே போய்விடும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க 1 நிமிடத்துக்கும் 2 நிமிடத்துக்கும் நடுவில் லூக்கோசைட் தவிர மற்ற எல்லாக் கட்டத்தையும் சேர்த்துப் படிக்கலாம் என்று எங்கள் ஸ்ட்ரிப்பின் தாளிலேயே சலுகை உண்டு. ஆனால் நாம் ரிப்போர்ட்டில் ஒன் ப்ளஸ், டூ ப்ளஸ் என்றல்லவா எழுதுகிறோம், அதற்கு இந்தச் சலுகை செல்லாது. 2 நிமிடத்துக்குப் பிறகு மாறும் நிறத்துக்கோ எந்த அர்த்தமும் கிடையாது.

1956-இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ தம்பதியின் ஆராய்ச்சியால் கிளினிஸ்டிக்ஸ் என்ற சிறுநீர் ஸ்ட்ரிப் வந்தபோது அதில் சுகருக்கு ஒரே ஒரு கட்டம்தான். முக்கிப் பார் என்ற முறை அதற்குக் கச்சிதம். அப்புறம் கட்டங்கள் பத்தாகிவிட்டன, கண் மட்டும் அதே இரண்டுதான்.

ரீடருக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்.ஈ.டி. வெளிச்சத்தை ஒவ்வொரு கட்டத்தின்மேலும் அடித்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது, அதையும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதே விநாடியில். ஃபோன் அதற்கு வராது. ஆனால் ஒன்று, எங்களுடையது பாதி ஆட்டோமேட்டிக், முக்குவதும் தட்டில் வைப்பதும் நம் கைதான். முக்கிவிட்டு யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றால் ரீடரின் கடிகாரமும் பொய்தான் சொல்லும்.

சரி, கண்ணை எங்கே இன்னும் விடவில்லை? நிறமேறிய சிறுநீரில். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் ஆரஞ்சு நிறம், சிறுநீர் எரிச்சலுக்குத் தரும் ஃபெனசோபைரிடின், ரத்தம் நிறைந்த சாம்பிள், இவை கட்டங்களையே சாயம் ஏற்றிவிடும், மெஷின் அதையும் ரிசல்ட் என்று அச்சடிக்கும். கண்ணால் பார்த்தாலும் அதைச் சரியாகப் படிக்க முடியாது, ஆனால் நம்பக்கூடாது என்று உடனே தெரிந்துவிடும். ரத்தக் கட்டத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடையாமல் இருக்கின்றன என்று பொருள். சீராகப் பரவிய பச்சை என்றால் உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினாக இருக்கலாம், தசையிலிருந்து வரும் மயோகுளோபினாகவும் இருக்கலாம், அல்லது அணுக்கள் மிக அதிகமாகவும் இருக்கலாம், மைக்ரோஸ்கோப்பைப் பார்க்காமல் விடக்கூடாது. எங்கள் ரீடர் இந்தப் புள்ளிகளைத் தனியாகச் சொல்வதில்லை. அதனால் ஸ்ட்ரிப்பைத் தட்டிலிருந்து எடுத்து வீசும் முன் ஒரு பார்வை பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

இரண்டு வழியிலும் தீராதவை தனி. பாட்டிலைத் திறந்து வைத்து ஈரம் பட்ட ஸ்ட்ரிப், அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்த சாம்பிள், வைட்டமின் சி நிறைய சாப்பிட்டவரின் சிறுநீரில் குறைவாகக் காட்டும் சுகரும் ரத்தமும், இதையெல்லாம் ரீடர் வாங்கித் தீர்க்க முடியாது. புரோட்டீன் கட்டம் முக்கியமாக ஆல்புமினுக்குத்தான் நிறம் மாறும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் வரும் லைட் செயின் என்ற புரோட்டீனைத் தவறவிடும். கீட்டோன் கட்டத்துக்கு பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் தெரியவே தெரியாது. ரசாயனம் அதேதான், படிக்கிற ஆள்தான் மாறுகிறார்.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டிய வேலை. தட்டில் சிறுநீர் காய்ந்து நின்றாலோ, அளவு சரிபார்க்க வைத்திருக்கும் வெள்ளைப் பட்டையில் கறையோ கீறலோ விழுந்தாலோ ரிசல்ட் நகரும். ஸ்ட்ரிப்பின் ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு வைத்தால் தட்டும் சுத்தம், புரோட்டீன் கட்டத்தின் அமிலம் பக்கத்து பிஎச் கட்டத்துக்கு வழிந்து அதைக் குறைத்துக் காட்டுவதும் இல்லை. பிரின்ட் வெப்பத்தாளில் வருவதால் நாளாக ஆக எழுத்து மங்கிவிடும், ரிஜிஸ்டரில் எழுதுங்கள் அல்லது கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். கன்ட்ரோல் போடுவது, அதாவது முடிவு தெரிந்த சாம்பிளை வைத்துச் சரிபார்ப்பது, கண்ணுக்கும் உண்டு, ரீடருக்கும் உண்டு, அதில் பேரம் இல்லை.

வாங்கும்போது மெஷின் விலையைவிட ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். பெரும்பாலான ரீடர்கள் தங்கள் கம்பெனி ஸ்ட்ரிப்பைத்தான் ஏற்கும், அது கிடைக்காத வாரத்தில் மெஷின் சும்மா கிடக்கும். வேறு ஸ்ட்ரிப்பை வாங்கிக் கண்ணால் படித்துச் சமாளித்தால், அந்த முடிவு கண்ணால் படித்தது என்று ரிப்போர்ட்டில் குறிப்பிடுங்கள், தொடர்ந்து வரும் நோயாளிக்கு இரண்டு முறையின் ப்ளஸ்களையும் ஒன்றாக வைத்து ஒப்பிட முடியாது.

சாம்பிளை வைத்தால் தானே எல்லாம் செய்யும் முழு ஆட்டோமேட்டிக் மெஷினில் நான் வேலை செய்ததில்லை, அதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஒன்றிரண்டு சாம்பிள் மட்டும் வரும் சின்ன இடம் என்றால் ரீடர் தேவையில்லை, ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள், ஒரு நேரத்தில் ஒரு ஸ்ட்ரிப் மட்டும் முக்குங்கள். அதற்கு மேல் கூட்டம் வந்தால் ரீடர்தான்.