கேரவன் டீசல் ஹோஸ்: எந்த இடத்துக்கு எந்த ரகம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வருவோம். டேங்கிலிருந்து இன்ஜின் பக்கம் வரை போகும் நீண்ட தூரத்துக்கு இரும்புக் குழாய். அந்தக் குழாயையும் இன்ஜினையும் இணைக்கும் சின்னத் துண்டுகளுக்கு, உட்பக்கம் எஃப்.கே.எம் (சூடு தாங்கும் வைட்டான் ரப்பர்) பதித்த ஆர்9 ரக ஹோஸ். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு மேல் ஓடி, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனுக்கு நூல் பின்னிய மெல்லிய ஹோஸ். ஆனால் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே மாற்றிவிட வேண்டும். உள்ளே ஓடுவது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டியூபுக்கு வண்டியில் நிரந்தர இடம் கிடையாது.

டிராவலர் வேன், டாடா 407 மாதிரி வண்டிகளில் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கேரவனாக மாற்றி வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சேலத்தில் ஹோஸ் கிடைப்பதில் பஞ்சமே இல்லை. சங்ககிரி லாரிகளுக்கும் திருச்செங்கோட்டின் ரிக் (போர்வெல் போடும்) வண்டிகளுக்கும் சரக்கு கொடுக்கும் ஊர் இது. கடைக்குப் போனால் சுருள் சுருளாகத் தொங்கும். திண்டாட்டமெல்லாம் எதை எடுப்பது என்பதில்தான். லாரிக்குப் போடுவதையே கேரவனுக்கும் வாங்கி வந்துவிடுகிறோம். லாரி தினமும் ஓடுகிறது, தினமும் ஒரு டிரைவர் குனிந்து அடியில் பார்க்கிறார். கேரவன் அப்படியில்லை. மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போய்விட்டு வந்தால், அடுத்த லீவு வரை ஷெட்டில் நிற்கும். லைனில் டீசல் தேங்கிக் கிடக்கும், மேலே சேலத்து வெயில் காயும். போதாக்குறைக்கு, பாடி கட்டும்போது ஹோஸ் ஓடும் பாதைக்கு மேலே பிளைவுட் தரையும் தண்ணீர்த் தொட்டியும் வந்து உட்கார்ந்துவிடும். ரப்பர் வெடிப்பது யார் கண்ணிலும் படாது.

ரகங்களுக்குப் போகும் முன் இடங்களைப் பிரித்துக்கொள்வோம். இதைப் பிரிக்காமல் "எந்த ஹோஸ் நல்லது" என்று கேட்டால் பதிலே கிடைக்காது.

டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வரை இருப்பது உறிஞ்சும் பக்கம். இங்கே ஹோஸ் வெடித்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், நமக்கும் சந்தேகம் வராது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், ஹேண்ட் பம்பை நாலு அடி அடித்தால் கிளம்பும். பம்பைத் தாண்டி ஃபில்டர் வரை லேசான அழுத்தம் இருக்கும். அங்கே வெடித்தால் சொட்டும். ரிட்டர்ன் லைனில் அழுத்தம் ரொம்பக் குறைவு, சூடு அதிகம். நாசிலுக்குப் போகும் ஹை பிரஷர் பைப் முழுக்க எஃகு. அதை எந்த ஹோஸாலும் மாற்ற முடியாது. அங்கே கசிகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவும் கூடாது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதில் ஆள் அதிகம் ஏமாறுவது உறிஞ்சும் பக்கத்தில். அது வெளியே தெரியவரும் இடமும் மலைப்பாதைதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது பின்பக்கம் இருக்கும் டேங்க் பம்பைவிட இன்னும் கீழே போய்விடுகிறது. பம்ப் கூடுதலாக இழுக்க வேண்டும். அதே நேரத்தில் இன்ஜினும் அதிக டீசல் கேட்கிறது. சமதளத்தில் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று சுற்றும்போது ஒன்றுமே தெரியாத ஹோஸ், பத்தாவது வளைவில் கைவிட்டுவிடும்.

தெரிந்தவர் ஒருவரின் கேரவனில் நடந்தது இது. மலை ஏறும்போது இழுவை குறையும், ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் பழையபடி ஓடும். "பம்ப் போயிடுச்சுங்கண்ணா" என்று ஒரு பட்டறையில் ஃபீட் பம்பை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், டேங்கைக்கூட இறக்கிக் கழுவினார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டேங்க் பக்கத்து ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் பிளேடால் கீறிப் பார்த்தோம். வெளிப்பக்கம் புதுசு மாதிரி கறுப்பாக, ஒரு கீறல்கூட இல்லை. உள்பக்கத்து ரப்பர் மட்டும் நடுவில் இருக்கும் நூல் அடுக்கிலிருந்து பிரிந்து, ஒரு விரல் நீளத்துக்கு நாக்காகத் தொங்கியது. பம்ப் பலமாக இழுக்கும்போதெல்லாம் அந்த நாக்கு எழும்பி வழியை அடைத்திருக்கிறது. இன்ஜினை அணைத்தால் மறுபடி படுத்துவிடும். ஹோஸை வெளியே பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குப் பதிந்துபோன விஷயம்.

சரி, ரகங்கள்.

கடையில் "டீசல் ஹோஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது நைட்ரைல் ரப்பர், அதாவது என்.பி.ஆர். தரமான சரக்காக இருந்தால் மேலே எஸ்.ஏ.இ ஜே30 (எரிபொருள் ஹோஸ்களுக்கான அமெரிக்கத் தரம்) ஆர்6 அல்லது ஆர்7 என்று அச்சடித்திருக்கும். நைட்ரைல் டீசலுக்கு ஏற்ற ரப்பர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். வளையும், கிளிப்புக்கு நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. அதற்கு எதிரி சூடும் காலமும். தொடர்ந்து 100 டிகிரி பக்கம் சூடு பட்டால் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் கிளிப் பிடித்த இடத்தில் நெகிழாது, அங்கேதான் முதலில் காற்று புகும். வயதான நைட்ரைலுக்கு இன்னொரு சோதனை டீசலே மாறியது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பி.எஸ் 6 விதி வந்தபோது டீசலில் இருக்கலாம் என்ற கந்தகத்தின் அளவு 50 பி.பி.எம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆக இறங்கியது. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பில் அரோமேட்டிக் சேர்மங்களும் குறையலாம். அவைதான் நைட்ரைலைக் கொஞ்சம் ஊத வைத்து இணைப்புகளை இறுக்கமாக வைத்திருப்பவை. பழைய டீசலில் ஊதிப் பழகிய ரப்பர் புதிய டீசலில் சுருங்கினால் இணைப்பு தளர்ந்துவிடும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகத்தைக் குறைத்தபோதே பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் இப்படிக் கசிந்தன. 2006-ல் அங்கே 15 பி.பி.எம் வந்தது. அந்த ஊர் பெரிய கேரவன்களில் இன்ஜின் பின்னால், டேங்க் பெரும்பாலும் முன்னால். வண்டி நீளத்துக்கே ரப்பர் ஹோஸ் ஓடும் அமைப்புகளில் ஒரு சின்ன வெடிப்பைத் தேடுவது பெரும்பாடு. நீளமான ஓட்டத்துக்கு ரப்பரே வேண்டாம், குழாய் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நைட்ரைலுக்கு நேர் போட்டி, அதே ஜே30 தரத்தின் ஆர்9. இதன் உட்சுவரில் மெல்லிய எஃப்.கே.எம் அடுக்கு இருக்கும். வைட்டான் என்று சொன்னால் கடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஆர்7 சுமார் 50 பி.எஸ்.ஐ அழுத்தம் வரைக்கானது, ஆர்9 100 வரை தாங்கும். நம் ஃபீட் லைனுக்கு இரண்டுமே தேவைக்கு மேல், அழுத்தத்துக்காக யாரும் ஆர்9 வாங்க வேண்டியதில்லை. வாங்க வேண்டியது சூட்டுக்காகவும் பயோடீசலுக்காகவும். 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதை இலக்காக வைத்திருக்கிறது. பயோடீசல் பழசாகி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நைட்ரைலைச் சிதைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் கேரவன் டேங்கில் அது பழசாகத்தான் செய்யும். எஃப்.கே.எம் அதை நைட்ரைலைவிட எவ்வளவோ நன்றாகத் தாங்குகிறது.

ஆர்9-க்கும் குறை உண்டு. எஃப்.கே.எம் இருப்பது உட்பக்கத்தில் மட்டும், வெளித்தோல் வேறு ரப்பர். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஓடினால் அதுவும் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு உள்ளே இறங்க நாளாகும் அவ்வளவுதான். அந்த மெல்லிய அடுக்கை முரட்டுத்தனமாக ஏற்றினால் கிழிந்துவிடும். குழாய் முனையில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிட்டு, கொஞ்சம் டீசல் தடவி, திருகித் திருகி ஏற்ற வேண்டும். விலை நைட்ரைலைவிடப் பல மடங்கு. ஆனால் இன்ஜின் பக்கத்துத் துண்டுகளை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மீட்டரைத் தாண்டாது. அந்த விலை வித்தியாசம், மலையில் வண்டி நின்றால் கீழே கட்டி இழுத்து வரும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. இந்த இடத்தில் நான் கறாராகவே சொல்வேன்: இன்ஜின் அறைக்குள் ஆர்9 போடுங்கள்.

நூல் பின்னிய ஹோஸ் ரிட்டர்ன் லைனுக்கென்றே பிறந்தது. 3.2 மில்லிமீட்டர் மாதிரி மெல்லிய துளை, கிளிப் இல்லாமலே நாசில் முனையைக் கவ்வும். அது கவ்வுவதற்கு அந்தப் பின்னல்தான் காரணம். வெடிப்பை மறைப்பதும் அதே பின்னல்தான். கசியும் டீசலை நூல் குடித்துவிடும். சொட்டு விழாது, தூசி ஒட்டி ஈரக் கறுப்பாகத் தெரியும். விரலால் தடவிப் பார்த்துப் பிசுபிசுத்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாம் ஒரே வயது, மொத்தமாக மாற்றுங்கள். இந்தக் கசிவைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நம் பங்கில் விற்கும் டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் (அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும் வெப்பநிலை) குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும் என்பதே இந்தியத் தரம். சேலத்துக் கோடையில் நிழலிலேயே அதற்கு மேல் போகிறது. மலை ஏறும் இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, நெருப்பே இல்லாமல் டீசலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். கேரவனுக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள் நம் வீட்டுக் குழந்தைகள்.

ஹைட்ராலிக் ஹோஸ் போடலாமா என்று ரிக் வண்டிக்காரர்கள் கேட்பார்கள். உள்ளே நைட்ரைல், நடுவில் கம்பி வலை, முனையில் மெஷினில் அழுத்திய ஃபிட்டிங். கிளிப் தளரும் பேச்சே இல்லை, கல் அடித்தாலும் தாங்கும். சேஸிஸ் அடியில் நேராக ஓடும் இடத்துக்கு நல்லதுதான். ஆனால் வளையாது. கால் அங்குல ஹோஸுக்கே 100 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். இன்ஜின் ஆடும் இடத்தில் இதைப் போட்டால் அந்த ஆட்டம் முழுவதும் பம்ப் முனையில் போய் இறங்கும்.

நைலான் குழாய் இலேசானது, டீசலுக்குப் பிரச்சினை இல்லை. புதிய வண்டிகளில் கம்பெனியே போடுகிறது. ரோட்டோரத்தில் பழுது பார்ப்பதுதான் சிரமம். ஸ்க்ரூவைத் திருகி இறுக்கும் புழு கிளிப்பை அதன்மேல் போட்டால் காற்று நிற்காது, அதற்கென்று உள்ள இணைப்பு வேண்டும். டெஃப்லான் ஹோஸுக்கு மேல் எஃகுப் பின்னல் போட்டது எந்த ரப்பரையும்விட அதிக காலம் வரும். ஆனால் ஒருமுறை மடிந்தால் கதை முடிந்தது, முனைகளும் தனியாக வாங்க வேண்டும். நம் வண்டிகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

உள்ளே தெரியும் பி.வி.சி டியூபை நோய் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓட விட்டால், குமிழ்கள் ஓடுவது தெரியும். காற்று புகுகிறது என்று உறுதியானதும் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் டீசல் அதன் நெகிழ்வை எல்லாம் உறிஞ்சி, சில மாதங்களில் விறைத்து உடையும். ரேடியேட்டர், ஹீட்டருக்கான ஹோஸை அவசரத்துக்குக்கூட டீசலில் போடாதீர்கள். அதில் இருக்கும் ஈ.பி.டி.எம் ரப்பர் டீசலில் உப்பிக் கூழாகும். பளபளவென்று நீலத்திலும் சிவப்பிலும் வரும் சிலிகான் ஹோஸும் அப்படியே, அது தண்ணீருக்கானது.

வாங்கும்போது ரகத்தோடு தயாரிப்புத் தேதியையும் படியுங்கள். வெளிச்சம் படாமல் நன்றாக வைத்த நைட்ரைலுக்கு ஏழு வருடம், எஃப்.கே.எம்முக்குப் பத்து வருடம் என்பது சேமிப்புக்கான பொதுக் கணக்கு. கடை வாசலில் வெயிலில் தொங்கும் சுருளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். எழுத்தே இல்லாத ஹோஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம். கிளிப்பும் ஹோஸ் அளவுக்கு முக்கியம். ஓட்டை போட்ட பட்டையுள்ள புழு கிளிப் சின்ன ஹோஸை அறுத்துவிடும். ஓரம் மடித்த, முழுப் பட்டையாக வரும் கிளிப்பைக் கேளுங்கள். பாஞ்சோ போல்டை (நடுவில் டீசல் போக ஓட்டை உள்ள போல்ட்) கழற்றினால் செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

மாற்றி முடித்து, லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றி ஏர் எடுத்ததும் நேராக மலைக்குப் போக வேண்டாம். அரை மணி நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஹேண்ட் பம்ப் தொடாமல் முதல் சுற்றிலேயே கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் உறிஞ்சும் பக்கம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அடிவாரம் தாண்டி மூன்று நான்கு வளைவு ஏறி நிறுத்தி, இன்னொரு முறை துடைத்துப் பாருங்கள். உள்ளே ஏசிக்காக டீசல் ஜென்செட் வைத்திருந்தால், டேங்கிலிருந்து அதற்குப் பிரிந்து போகும் ஹோஸ் ஒன்று எங்காவது மூலையில் ஓடும். அது கேரவன் கட்டிய நாளில் போட்டதாகவே இருக்கும். வண்டி நிற்கும்போதும் மணிக்கணக்கில் சூடாவது அதுதான். அதற்கும் சேர்த்து ஆர்9 வாங்கி, அதே நாளில் மாற்றிவிடுங்கள்.