லொகேயன் கிரேக்க அகராதி: கப்பற் பாயைத் தேடினால் என்ன கிடைக்கும்?

அப்போஸ்தலர் 27:40இல் பவுல் போன கப்பல் கரைக்கு ஓடுகிறது. பழைய தமிழ் வேதாகமம் 'பெரும்பாயைக் காற்றுமுகமாய் விரித்து' என்கிறது. மூலத்தில் உள்ள சொல் 'ஆர்தெமோன்'. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பிரசங்கமோ வேதபாடமோ தயாரிப்பவருக்கு இந்த இடத்தில் கைகொடுக்கக்கூடியது லொகேயன். பல கிரேக்க, லத்தீன் அகராதிகளை ஒரே இடத்தில் தேட உதவும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இலவசத் தளம் அது, விளம்பரமும் இல்லை. அச்சில் 2000 பக்கத்தைத் தாண்டும் லிடல்-ஸ்கொட்-ஜோன்ஸ் கிரேக்க-ஆங்கில அகராதியும் அதில் இருப்பதால், அதை இறக்குமதி செய்து வாங்கும் செலவு மிச்சம்.

போனில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் மேல் வரும் உச்சரிப்புக் குறிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எழுத்து சரியாக இருந்தால் போதும். வசனத்தில் இருப்பது 'ஆர்தெமோனா' என்ற இரண்டாம் வேற்றுமை வடிவம். தேட வேண்டியது எழுவாய் வடிவமான 'ஆர்தெமோன்'. பலர் வழுக்குவது இங்கேதான். அடுத்த தடை சுருக்கக் குறிகள். லிடல்-ஸ்கொட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 'ஆக்ட். ஏப்.' என்று லத்தீன் பெயரின் சுருக்கமாக நிற்கும். ஆங்கில வேதாகமப் பெயரைத் தேடிக் கண்ணை அலைய விட்டால் கிடைக்காது.

அங்கே கிடைக்கும் பொருள் முன்பாய். கப்பற் பாய்க்குப் பொதுவாக வரும் கிரேக்கச் சொல் 'ஹிஸ்தியோன்'. அதைப் பாய்மரத்தையும் தறிமரத்தையும் குறிக்கும் 'ஹிஸ்தொஸ்' உடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஆர்தெமோன்' கிரேக்கத்தின் முதல் எழுத்தான ஆல்பாவில் தொடங்குவதால், இன்னும் முடிவடையாத பெரிய கிரேக்க-ஸ்பானிய அகராதியிலும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம். 'ஹிஸ்தியோன்' அந்த அளவுக்கு அதிர்ஷ்டம் செய்யவில்லை: அது தொடங்கும் ஐயோட்டா எழுத்தை அந்த அகராதி இன்னும் எட்டவில்லை.

குறை என்னவென்றால், அகராதி பொருளைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதற்கு அதிகாரத்தைத்தான் புரட்ட வேண்டும். 27:29இல் நாலு நங்கூரங்களைப் பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்பக்கத்திலிருந்து, போடுகிறார்கள். ஆகவே முன்னணியம் ஏற்கெனவே கரையைப் பார்த்திருக்கிறது. நங்கூரத்தை அறுத்து, சுக்கான் கட்டுகளைத் தளர்த்தியதும், முன்னால் உள்ள சிறிய பாய் கப்பலின் மூக்கை நேராக இழுத்துப் போகும். நடுவிலுள்ள பெரும்பாயை அந்தக் காற்றில் ஏற்றினால் வேகம் கட்டுக்கு மீறும். பின்புறம் சுழன்று கப்பல் அலைக்குக் குறுக்கே விழும் அபாயமும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில்லே நகர ஆயர் இசிதோர் இந்தப் பாயை வேகத்துக்கு என்பதைவிடக் கப்பலைச் செலுத்தவே உகந்தது என்று எழுதிவைத்தார். ஒஸ்தியா துறைமுக நகரின் மொசைக் தளங்களில், முன்னணியத்தின் மேல் சாய்ந்த சிறு பாய்மரத்தோடு ரோமக் கப்பல்களைக் காணலாம்.

பிறகு ஏன் பெரும்பாய் என்றார்கள்? 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அதுவே இருக்கிறது. குழப்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: பிரெஞ்சில் 'ஆர்திமோன்' என்பது பின்பக்கப் பாய்மரம். சொல் மத்தியதரைக் கடலில் சுற்றி இடம் மாறிவிட்டது. ஒரே மொழியின் அகராதியை மட்டும் திறப்பவருக்கு இது தெரியவராது. லொகேயனில் லத்தீன் அகராதிகளும் இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது: 'ஆர்தெமோன்' என்று தேடினால் ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் எழுதிய பத்தாம் நூலில் பாரந்தூக்கியின் கப்பி ஒன்றுக்கு அதே பெயர் வழங்குவதையும் காட்டும்.

புதிய ஏற்பாட்டுக்கென்றே எழுதப்பட்ட பாவுவர்-டாங்கர் அகராதி இதில் இல்லை. அது பதிப்புரிமைக்குள் இருக்கிறது. தினமும் புதிய ஏற்பாட்டைப் படிப்பவர் அதைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். கப்பல், வீடு, சந்தை போன்ற புறப்பொருட் சொற்களுக்கு லொகேயனே தாராளம். விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும், சில ஸ்பானியம் போன்ற வேறு மொழிகளிலும்தான். தமிழில் எதுவும் இல்லை.