116-க்குப் போன் செய்தேன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்குப் போனிலேயே உதவும் சைல்டுலைன் அமைப்பின் 116 என்ற எண்ணை இந்த வருஷம்தான் முதல் தடவை கூப்பிட்டேன். நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரியவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன். ‘ழ’ எழுதச் சொன்னால் வேண்டுமென்றே ஒரு சுழி கூட்டிப் போட்டுவிட்டுச் சிரிப்பான். அன்று இடது கையால் எழுதத் திணறினான். வலது கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன, நடுவிரலில் தோல் உரிந்திருந்தது. “ரூலர், ஆண்ட்டி” என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறானாம், அவன் அம்மா சொன்னார். பள்ளியில் போய்க் கேட்டதற்கு, சின்ன விஷயம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 1996-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் பிரிவு 10, பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் தாக்குதல் குற்றத்துக்கு உள்ள தண்டனையே கிடைக்கலாம். 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் பிரிவு 110 இன்னும் ஒரு படி மேலே போகிறது. காயம்படும் அளவுக்கு ஒரு குழந்தை துன்புறுத்தப்பட்டது என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் ஆசிரியர், டாக்டர், நர்ஸ் எல்லோரும் புகார் செய்தே ஆகவேண்டும். அந்தப் பட்டியலில் மதத் தலைவர்களும் உண்டு. நம் கோயில் குருக்கள்மார் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவர்மீது நஷ்டஈடு வழக்குப் போட முடியாது.

சரி, போனுக்கு வருகிறேன். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். செல்போனிலிருந்தும் இலவசம். எடுத்த பெண் முதலில் கேட்டது, “பையன் இப்போது யாரோடு இருக்கிறான், அங்கே பயமில்லாமல் இருக்கிறானா?” என்றுதான். என் பெயரை அப்புறம்தான் கேட்டார். பதற்றத்தில் நான் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதை இடைமறிக்காமல் கேட்டார். பையனைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றார். அந்த வாக்கைக் கொடுக்கத்தான் நான் இருந்தேன். படிவம் 22 என்ற புகார்ப் படிவத்தைப் பற்றியும் நிதானமாக விளக்கினார்.

திங்கட்கிழமை அவன் அம்மா 116-ஐக் கூப்பிட்டுப் பையனிடம் போனைக் கொடுத்தார். அவன் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முதல் பத்து நிமிஷம் தன் நாயைப் பற்றியே பேசினானாம். மறுமுனையில் இருந்தவர் அவசரப்படுத்தவே இல்லை. பிறகு குரல் தாழ்ந்தது. வெளியே வந்ததும் சோறு கேட்டிருக்கிறான். இப்போது ஒரு சமூக சேவகர் பொறுப்பெடுத்திருக்கிறார், விசாரணை நடக்கிறது.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். 116 என்று பெரிதாக எழுதி வகுப்பறையில் ஒட்டினேன். முதலில் என் கண் உயரத்தில் ஒட்டிவிட்டேன். மறுவாரம் எடுத்து, உயிரெழுத்து அட்டைக்குக் கீழே, சின்னப் பிள்ளைகளும் பார்க்கிற உயரத்தில் ஒட்டியிருக்கிறேன்.